அவரவர் நீர்

தன்னகம் என்னும் குடியிருப்பில் யாரும் யாரிடமும் ஒரு வாய் தண்ணீர் கேட்பதில்லை. யாரும் யாருக்கும் கொடுப்பதுமில்லை. அப்படியொரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. குடியிருப்பின் ஒப்பந்தப் பத்திரத்தில் எல்லைச் சுவரின் உயரம் முதல் அடுத்த மனையில் விழும் தென்னை மட்டை யாருக்குச் சொந்தம் என்பது வரை எல்லாம் இருந்தன. இது மட்டும் இல்லை. எழுதவேண்டிய தேவையே எழவில்லை. வெளியே கிளம்புகிறவர் தம் கண்ணாடிப் புட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அரிதாக விருந்தினர் வந்தால் காப்பி கொடுக்கப்படவில்லை. காப்பியிலும் இருப்பது தண்ணீர்தானே. தெருவில் விக்கல் எடுத்தவர் தம் வீடுவரை விக்கிக்கொண்டே நடந்தார். எதிரே வருகிறவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அங்கே அதுதான் நாகரிகம்.

தேரிக்காட்டின் செம்மணல் கடலை நோக்கிச் சரியும் இடத்தில் அந்தக் குடியிருப்பு இருந்தது. அதைச் சாத்தியமாக்கிய தொழில்நுட்பத்துக்கு நிலத்திரை என்று பெயர். மணலுக்குள் மெல்லிய குழாயை இறக்கி ஒரு குழம்பைச் செலுத்தினால், ஈரம் கண்ட இடமெல்லாம் அது தடித்துப் படர்ந்து, அடியிலுள்ள களிமண் படுகைவரை ஒரு சுவராக இறுகிவிடும். மனையின் நான்கு எல்லைகளிலும் அதை இறக்கினால் பூமிக்கடியிலுள்ள நீர் மனைவாரியாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே அந்த வீட்டுக்கு மட்டுமேயான நீர். அதைப் பெட்டி என்றார்கள். உன் மனையில் பெய்த மழை உன் பெட்டிக்குள் இறங்கும். நீ இறைத்தால் உன் பெட்டி மட்டும் குறையும்.

இந்த யோசனைக்கு ஒரு தத்துவமும் இருந்தது. அதை வகுத்துத் தந்தவர் பால்வண்ணம், சென்னையில் ஒரு கல்லூரியில் அரசியல் தத்துவம் கற்பித்தவர். பொது என்பது, யாரும் பொறுப்பேற்காத ஒன்றுக்கு நாம் சூட்டியிருக்கும் மரியாதையான பெயர் என்பது அவருடைய வாதம். பொதுக் கிணறு வற்றுவதற்குக் காரணம் மனிதரின் பேராசை அல்ல, அச்சம். நான் இன்று இறைக்காமல் விட்டதை நாளை இன்னொருவன் இறைத்துவிடுவான் என்ற அச்சம்தான் நல்லவனையும் மோட்டாரைப் போட வைக்கிறது. எல்லை வகுத்துவிட்டால் அச்சம் போய்விடும். அச்சம் போனால் சிக்கனம் தானாக வரும். ஒருவன் தன் உடலுக்கும் உழைப்புக்கும் உடைமையாளன் என்றால், தான் குடிக்கும் நீருக்கும் ஏன் அப்படி இருக்கக் கூடாது?

இதை அவர் நூலகத்தில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. சென்னையில் அவர்கள் வசித்த அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணறு ஒரு கோடையில் வற்றியது. அதற்கு முந்தைய வாரங்களில் ஒவ்வொரு குடும்பமும் மற்றவர் அறியாமல் தொட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தது. பிறகு தண்ணீர் லாரி வந்தது. அந்த நெரிசலில் குடத்தோடு தள்ளிவிடப்பட்டு விழுந்த அவருடைய மனைவி அதன்பின் எழுந்து நடக்கவில்லை. தள்ளியவர்களில் பாதிப்பேர் அவர்கள் வீட்டு நவராத்திரிக்குச் சுண்டல் வாங்க வந்தவர்கள். இனி எவரிடமும் தண்ணீருக்காகக் கை நீட்டுவதில்லை என்று பால்வண்ணம் முடிவெடுத்தது மனைவியை எரித்துவிட்டு வந்த பிற்பகலில். அந்த முடிவு பின்னர் ஒரு கோட்பாடாகி, அந்தக் கோட்பாடு ஓர் ஊரானது.

தன்னகம் வெற்றிபெற்றது என்பதையும் சொல்லியாகவேண்டும். சுற்றுவட்டாரம் முழுவதும் குடங்கள் வரிசையில் நின்ற கோடைகளில் இங்கே வரிசை இல்லை, வசவு இல்லை. மழைநீரை ஒரு துளி விடாமல் இறக்கினார்கள். துணி அலசிய நீரில் வாழை வளர்த்தார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்ற வழியும் இல்லை. அங்கே இல்லாமற்போனது எது என்று கேட்டிருந்தால், பால்வண்ணத்தின் மகள் லோசனி உடனே பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் நீதிமன்றத் தீர்ப்புகளை மொழிபெயர்ப்பவள். நாற்பதைக் கடந்தவள், மணவாழ்வு நெடுநாள் நீடிக்காததால் தந்தையோடு வந்து தங்கிவிட்டவள். காலையில் இருவரும் சிறிது பேசுவார்கள். பிறகு அவள் தன் அறையில் யாரோ இருவருடைய எல்லைத் தகராறைத் தமிழாக்கிக்கொண்டிருப்பாள்; அவர் கூடத்தில் வாசித்துக்கொண்டிருப்பார். அடுத்த வீட்டு ரெஜினா டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தம் கேட்டைத் திறக்கும் ஓசை கேட்கும், பின்னர் மூடும் ஓசை. ஒரு நாள் முழுவதற்கும் வெளியிலிருந்து வரும் செய்தி சில நாட்களில் அவ்வளவுதான்.

அந்த ஆண்டு பால்வண்ணத்தின் இதயம் தளர்ந்தது. மருத்துவர் உப்பை அறவே விலக்கச் சொன்னார். லோசனி விலக்கினாள். ஆனால் கால் வீக்கம் இறங்கவில்லை. நகரத்திலிருந்து வந்த அந்த இளம் பெண் மருத்துவர் அவர் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது.

"உப்பு எவ்வளவு போடுறீங்க?"

"போடறதே இல்ல டாக்டர். ரசத்துக்குக்கூட இல்ல."

"ஊறுகாய், அப்பளம், கருவாடு?"

"கருவாடா," என்றார் பால்வண்ணம். "சைவப் பிள்ளைமார் வீட்டுல வந்து நல்லா கேட்டீங்க."

மருத்துவர் சிரிக்கவில்லை. "எங்கேயோ இருந்து உள்ள போகுது சார். ரத்தத்துல தெரியுது. இப்படியே போனா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். அதுக்கப்புறம் என் கையில எதுவும் இல்ல."

அவர் போனதும் லோசனி தந்தையின் அலமாரியைத் திறந்து பார்த்தாள். புத்தகங்களுக்குப் பின்னால், சட்டைகளுக்கு அடியில், மருந்துப் பெட்டிக்குள். நார்த்தங்காய் ஊறுகாய் என்றால் அவருக்கு உயிர் என்பது அவளுக்குத் தெரியும்.

"கேட்டுட்டுத் தொறந்திருக்கலாம்," என்றார் அவர் பின்னாலிருந்து.

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

"இல்லன்னு சொல்லியிருப்பேன். நீ நம்பியிருக்கணும்." சற்றுநேரம் கழித்து, "நீ சமைக்கறத நான் நம்பறேன்ல, லோசு," என்றார்.

அவள் அலமாரியை மூடினாள். அன்று முழுக்க இருவரும் பேசவில்லை. இருவருமே உண்மை சொல்கிறவர்கள் என்பதால் சமாதானத்துக்கு வழி இல்லாமல் இருந்தது.

சில நாட்கள் கழித்து மதுரையில் சித்தப்பா மகளின் திருமணம். தந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு செவிலியை ஏற்பாடு செய்துவிட்டு லோசனி போனாள். வாசலில் கால் வைத்ததுமே சித்தி ஒரு சொம்பை நீட்டினாள். லோசனியின் கை தானாகத் தன் பைக்குள் போய்ப் புட்டியைத் தேடியது.

"இல்ல சித்தி, என்கிட்ட இருக்கு."

"ஏட்டி, கல்யாண வீட்டுக்கு வந்துட்டு ஒன் ஊர்த் தண்ணியவா குடிப்ப? பிடி."

கூடத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். லோசனி சொம்பை வாங்கினாள். அண்ணாந்து குடிக்கும்போது பாதி கழுத்தில் வழிந்தது. பிறர் கையிலிருந்து வாங்கிக் குடிப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அது தன்னிடமிருந்து போய்விட்டது என்பதை அவள் தன் நனைந்த ரவிக்கையில் உணர்ந்தாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருமணம் முடிந்தும் இரண்டொரு நாட்கள் தங்கினாள். தங்குவதற்குக் காரணம் ஏதும் இருக்கவில்லை. இன்னொரு அறையில் யாரோ பேசிக்கொண்டிருக்க, தூங்கி எழுவது நன்றாக இருந்தது.

திரும்பிவந்த காலையில் செவிலியை அனுப்பிவிட்டு, சமையலறையில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். வாயில் மிச்சமிருந்ததைத் தொட்டியில் துப்பினாள்.

உப்பு.

கடல்நீரைப்போல அல்ல. கண்ணீர் வாயோரம் வழிந்து நாவில் படும்போது இருக்கும் அளவு. அவள் இன்னொரு முறை குடித்துப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கவேண்டும். தினமும் குடித்த நாக்கும் கூடவே பழகி, அதைத் தண்ணீரின் இயல்பான ருசி என்று ஏற்றிருக்கவேண்டும். சில நாட்கள் வேறு ஊரில் இருந்திராவிட்டால் அவளுக்கு இது தெரிந்தே இருக்காது. சமைத்தது எல்லாம் இதில்தான். அப்பா விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் இதோடுதான்.

முதலில் அவளுக்கு வந்தது பயம் அல்ல, வெட்கம். தன்னகத்தில் ஒருவருடைய பெட்டி கெட்டால் அதற்குப் பொருள் ஒன்றே: அவர் அளவு மீறி இறைத்திருக்கிறார். எதிர் வீட்டு ஆறுமுகநயினார் அப்படித்தான் போனார் என்று ஊர் நம்பியது. தந்தையோடு சேர்ந்து தன்னகத்தைத் தொடங்கியவர். மாலைதோறும் அவரோடு வாதாட வருகிறவர். ஒரு நாள் சாமான்களை ஏற்றிக்கொண்டு, பால்வண்ணத்திடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது அத்துமீறல். "தன் கிணத்த ஆளத் தெரியாதவன்," என்று பால்வண்ணம் ஒரே ஒருமுறை சொன்னார். அதன்பின் அந்தப் பெயர் வீட்டில் உச்சரிக்கப்படவில்லை. அதற்கப்புறம் இன்னும் சில வீடுகள் பூட்டிக்கொண்டன. ஒவ்வொரு பூட்டும் ஒரு தனிமனிதரின் தோல்வியாகவே வாசிக்கப்பட்டது.

லோசனி யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு உடன்குடிப் பக்கம் போனாள். சாலையோரத்தில் தண்ணீர் கேன் விற்கும் ஒரு கடை உண்டு. கேன்களை மூடிவைக்கப் பழைய புடவை ஒன்றையும் எடுத்துப்போயிருந்தாள்.

கடைக்கு முன்னால் இன்னொரு கார் நின்றது. பின்கதவைத் திறந்து கேன்களை உள்ளே தள்ளி, அவற்றின்மேல் ஒரு படுக்கைவிரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தவர் ஜெபநேசன். தன்னகத்துக்கு நிலத்திரை அமைத்துக்கொடுத்த பொறியாளர். அங்கேயே மனை வாங்கி இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர்.

"அண்ணாச்சி."

ஜெபநேசன் திரும்பினார். விரிப்பின் ஒரு முனை இன்னும் கையில் இருந்தது. "எம்மா, நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"கருப்பட்டி வாங்க வந்தேன்."

"நானும் கருப்பட்டிக்குத்தான்."

விரிப்புக்கு அடியில் கேன்கள் நீலமாகத் தெரிந்தன. லோசனியின் கக்கத்தில் புடவை இருந்தது. ஜெபநேசன்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒரு சத்தம்.

"இந்தத் தடவ கருப்பட்டி நல்ல கனம்," என்றார்.

பக்கத்துத் தேநீர்க் கடையின் பலகையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் கேட்காமலே இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் குடித்தார்கள்.

"எங்க பெட்டி உப்பாயிடுச்சு அண்ணாச்சி. பாத்துப் பாத்துத்தான் எறைச்சேன். எங்க தப்பு பண்ணினேன்னு தெரியல."

"நீங்க தப்பு பண்ணலம்மா. அத மொதல்ல மனசுலருந்து எடுங்க."

"அப்புறம் யாரு?"

"தேரியில பெய்யுற மழ மண்ணுக்குள்ள கடலப் பாத்து மெதுவா நவுந்துகிட்டே இருக்கும். எறும்பு ஊர்ற வேகங்கூட இருக்காது. போவும்போது மண்ணுல உள்ள உப்பையும் கூட்டிட்டுப் போயிரும். நாம திரையப் போட்டு நிப்பாட்டுனோம். தண்ணி நின்னுட்டு. மரம் தண்ணிய மட்டும் குடிக்கும், வெயிலும் தண்ணிய மட்டுந்தான் குடிக்கும். உப்ப யாரு குடிக்கா? கடக்காத்துல வாற உப்பு, சோப்புத் தண்ணி, கக்கூஸ் தண்ணி, எல்லாம் அதே பெட்டிக்குள்ளதான எறங்குது. வெளிய போவ வாசல் இல்ல." தம்ளரைப் பலகையில் வைத்தார். "தண்ணிக்குச் சொந்தக்காரவ ஆயிட்டோம்னு சந்தோசப்பட்டோம். அது தூக்கிட்டுப் போவ வேண்டிய உப்புக்கும் சேத்துச் சொந்தக்காரவ ஆயிட்டோம்."

"அப்ப எல்லார் பெட்டியும் இப்படித்தானா?"

"என் பெட்டி உப்பு. அதத்தான் நான் சொல்ல முடியும். மத்தவிய பெட்டியில என்ன இருக்குங்கிறது மத்தவியளுக்குச் சொந்தம். எட்டிப் பாக்கக்கூட எனக்கு உரிம கெடையாது. ஒங்க அப்பா எழுதுன சரத்துதான்."

"ஆனா உங்களுக்குத் தெரியும்."

"மண்ணு ஒண்ணுதானம்மா. நாமதான வேற வேற."

"சுத்திகரிக்கற மிஷின் வெச்சா?"

"அது கழிக்கிற உப்புத் தண்ணிய எங்க விடுவீய? அடுத்தவிய மனையில விட முடியாது. ரோடு ரோட்டுக்காரருக்குச் சொந்தம். ஒங்க பெட்டிக்குள்ளயேதான் விடணும். இன்னும் சீக்கிரம் கெடும். நயினார் சார் அதத்தான் செஞ்சாரு." சொல்லிவிட்டதை உணர்ந்து அவர் நிறுத்திக்கொண்டார்.

சாலையில் ஒரு பேருந்து போய் அடங்கியது. "திரையத் தொறக்க முடியுமா?" என்றாள் பிறகு.

"கரைக்கிற மருந்து இருக்கு. ஆனா நீங்க மட்டும் தொறந்தா ஒங்க உப்பு ரெஜினா டீச்சர் பெட்டிக்குள்ள போவும். அத்துமீறல்னு வழக்குப் போடுவாவ, அதுவும் நியாயந்தான். எல்லாரும் ஒண்ணாத் தொறந்தா, நல்ல மழ ரெண்டு பெஞ்சாப் போதும், கழுவிட்டுப் போயிரும்."

"அப்ப எல்லார்கிட்டயும் கேட்டுட வேண்டியதுதானே."

"என்னன்னு கேப்பீய? ஒங்க தண்ணி உப்பாயிட்டான்னா?" அந்தச் சொற்களைச் சொல்லும்போது, ஒரு பெண்ணின் எதிரில் பேசக் கூடாததைப் பேசிவிட்டவரைப்போல ஜெபநேசன் குரலைத் தாழ்த்தினார்.

"நீர்நாள் கூட்டம் வருது. நீங்க எந்திரிச்சுச் சொல்லுங்க. நீங்கதான் திரை போட்டவங்க, நம்புவாங்க."

"பாக்கேன்," என்றார் ஜெபநேசன். மாட்டேன் என்று சொல்ல விரும்பாதவர்கள் பயன்படுத்தும் சொல் அது. எழுந்தபோது, "கொஞ்சம் பொறுத்து வாங்க. ரெண்டு காரும் ஒண்ணாப் போனா நல்லாருக்காது," என்றார்.

அவருடைய கார் போனபிறகும் லோசனி பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த ஊரின் மனிதர்கள் ஒவ்வொருவராக, ஒருவர் கண்ணில் மற்றவர் படாமல், இதே சாலையில் ஏதேனும் ஒரு துணியோடு வந்துபோகும் காட்சி மனத்தில் எழுந்தது. எல்லோருக்கும் ஒரே துன்பம். அதை ஒவ்வொருவரும் தம் சொந்தக் குற்றமாகச் சுவருக்குள் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரைப் பங்கிட்டபோது, தமக்கு நேர்வது பிறருக்கும் நேர்கிறதா என்று அறியும் வழியையும் சேர்த்தே அடைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு தம்ளரில் கேன் தண்ணீரும் இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீரும் ஊற்றித் தந்தையின் முன் வைத்தாள். அவருக்குத் தெரியாமல் கேன் தண்ணீரில் சமைத்துவிட்டிருக்கலாம். அதை அவள் எண்ணாமலில்லை. ஆனால் ஒருவருடைய உடலுக்குள் அவர் அறியாமல் ஒன்றைச் செலுத்துவது வன்முறை என்று இவரிடம் கற்று வளர்ந்தவள் அவள்.

பால்வண்ணம் இரண்டையும் குடித்துப் பார்த்தார். அவள் ஜெபநேசன் சொன்னதையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"நம்ம பெட்டி கெட்டிருக்கு. ஒத்துக்கறேன்," என்றார். "நாம அதிகமா எறைச்சிருக்கோம்."

"இல்லப்பா. எல்லாருக்கும் இப்படித்தான்."

"யாரு சொன்னா? ஜெபநேசன் அவர் பெட்டியப் பத்திச் சொன்னார். நீ நம்ம பெட்டியப் பத்திச் சொல்ற. ரெண்டு பேர் சேந்தா ஊர் ஆயிடுமா?"

"நயினார் மாமா?"

அவர் முகம் மாறியது. "அவன் சொல்லல."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

அவர் தம்ளரின் விளிம்பை விரலால் துடைத்தார்.

"எல்லார் பெட்டியும் உப்புன்னு தெரிஞ்சா, திரை தப்புன்னு ஒத்துக்குவீங்களாப்பா?"

"தெரிஞ்சா ஒத்துக்குவேன். நான் மதவாதி இல்ல. ஆனா தெரிஞ்சுக்க வழி கிடையாது. ஒருத்தர் அளவ இன்னொருத்தர் கேக்கக் கூடாது. அத நான்தான் எழுதினேன்." அவர் தம் வாதத்தின் கட்டுக்கோப்பைத் தாமே முதன்முறையாக வெளியே நின்று பார்ப்பவர்போல நிறுத்தினார். பிறகு கிணற்றுத் தண்ணீர்த் தம்ளரைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். "அதுவரைக்கும் என் தண்ணியத்தான் நான் குடிப்பேன்."

"அது உங்களக் கொல்லுதுப்பா."

"என் உடம்பு, லோசு."

"உங்க உடம்புதான். போயிட்டீங்கன்னா தனியா இருக்கப்போறது யாரு? அது எந்தப் பெட்டியில வரும்?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தம்ளரில் மிச்சமிருந்ததையும் குடித்தார். பிடிவாதமாகக் குடித்தாரா, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் குடித்தாரா என்பது அவளுக்கு விளங்கவில்லை. அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் அழுதாள்.

அடுத்த நாட்களில் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. படுத்தால் மூச்சு முட்டியதால் அவர் நாற்காலியிலேயே தூங்கினார். ஒரு காலை, நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். சன்னலுக்கு நேரே இருந்தது நயினாரின் பூட்டிய கேட். கம்பிகளில் கொடி ஏறியிருந்தது. அதைப் பார்த்தபடியே அன்றும் மறுநாளும் இருந்தார். புத்தகம் மடியில் திறக்காமல் கிடந்தது.

"போகும்போது எங்கிட்ட ஏன் சொல்லலன்னு அவன்மேல கோவமா இருந்தேன்," என்றார் ஒருமுறை, யாரிடமென்றில்லாமல். "என்னன்னு சொல்லியிருப்பான்?"

நீர்நாள் வந்தது. தன்னகம் தொடங்கியதைக் கொண்டாடும் ஒரே கூட்டம் அதுதான். பொது மண்டபம் என்ற ஒன்று அங்கே இருக்க முடியாதென்பதால் ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒருவர் தம் முற்றத்தை அனுமதித்தார். மற்றவர்கள் தத்தம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, பிரம்பு நாற்காலி, ஒருவர் மடக்குக் கட்டிலைக்கூட. அன்று காலை தம் கிணற்றிலிருந்து எடுத்த நீரைப் புட்டியில் கொண்டுவர வேண்டும் என்பது மரபு. பால்வண்ணம் எழுந்து "அவரவர்" என்பார். எல்லோரும் "அவரவர்க்கு" என்று சொல்லித் தம் புட்டியிலிருந்து ஒரு மிடறு குடிப்பார்கள்.

லோசனி தந்தையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். சொல்லவேண்டியதை மனத்துக்குள் பலமுறை கோத்துப் பார்த்திருந்தாள். தீர்ப்புகளை மொழிபெயர்த்துப் பழகியவள் என்பதால் அது ஒரு தீர்ப்பைப்போலவே அமைந்திருந்தது: முகாந்திரம், சான்று, முடிவு. ஆனால் முற்றத்தில் அத்தனை முகங்களைக் கண்டதும் அது கலைந்தது. நாற்காலிகளுக்கு இடையில் வழக்கம்போல ஓர் ஆள் நடக்கும் இடைவெளி. சென்ற ஆண்டைவிட நாற்காலிகள் குறைவு. ஜெபநேசன் கடைசியில் உட்கார்ந்திருந்தார். அவள் பார்த்தபோது அவர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால்வண்ணத்தின் வலப்பக்கம் ரெஜினா டீச்சர். வெள்ளைச் சேலை, மடியில் இரு கைகளுக்கும் நடுவே புட்டி. தலையை இலேசாக அசைத்தார். அதற்கு மேல் அங்கே யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. ஆனால் அவர் கண்கள் பால்வண்ணத்தின் வீங்கிய பாதங்களில் ஒரு கணம் நின்று விலகின. லோசனியும் கீழே பார்த்தாள். டீச்சரின் கணுக்காலில் செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

இப்போது எழுந்திருக்கவேண்டும். தன் நாற்காலியின் பிடியை இறுகப் பற்றினாள். இத்தனை ஆண்டுகளின் பழக்கம் அவளை உட்காரவைத்திருந்தது.

பேச்சு அடங்கியது. எல்லோரும் பால்வண்ணத்தைப் பார்த்தார்கள். புட்டிகளின் மூடிகள் திறக்கும் சிறு ஓசைகள் முற்றமெங்கும் கேட்டன. அவர் எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே தம் புட்டியை உயர்த்தினார். மூச்சு இரைத்தது.

அவர் "அவரவர்" என்று சொல்லவில்லை. புட்டியைச் சற்றுநேரம் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மடியில் இறக்கிவைத்தார். பிறகு வலப்பக்கம் திரும்பினார்.

"டீச்சர்," என்றார், முற்றம் முழுவதும் கேட்கும்படி. "உங்க தண்ணியில எனக்கு ஒரு வாய் குடுங்க."

யாரும் அசையவில்லை. நீட்டிய அவருடைய கை கீழே இறங்கவில்லை.

ரெஜினா டீச்சர் புட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய முகத்தில் கோபம் வந்து, போய், வேறொன்று வந்தது. ஒரு தலைமையாசிரியையின் தெளிவான குரலில்தான் அவர் பேசத் தொடங்கினார். ஆனால் பாதியில் குரல் உடைந்தது.

"வேண்டாம் சார். நல்லாருக்காது."

"தெரியும் டீச்சர்," என்றார் பால்வண்ணம். "குடுங்க."